சத்தம் ஆகாத கரை

வேன் நின்று, என்ஜின் அடங்கி, அதன் நடுக்கம் உடம்பைவிட்டு இறங்கிய பிறகுதான் நாகஜோதிக்கு உறைத்தது, இவ்வளவு நேரமும் வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வேனுடைய அசைவு. சீட்டு நடுங்கியிருக்கிறது, சீட்டோடு சேர்ந்து இவளும் நடுங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே குறிச்சியேந்தல் கண்மாய், தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி நிற்கிற கருவேல மரங்கள், கிளை தெரியாத அளவுக்குப் பறவைகள். கரையைத் தாண்டினால் அம்மா வீடு. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. தூங்குது, என்று சொல்லிக்கொண்டாள். முன்சீட்டிலிருந்து ரெஜினா டீச்சர் இறங்கினார். மதுரைக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தலையில் ஆம்பிளைத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். காலையிலிருந்து எதைப் பேசினாலும் குசுகுசுவென்றுதான் பேசுகிறார், வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அதையும் அதட்டுவாரோ என்னவோ என்று பூபதி இவள் காதில் சொல்லிச் சிரித்திருந்தான். பூபதி இவளுடைய வீட்டுக்காரன். வேன் அவனுடையது. மார்கழி, தை வந்துவிட்டால் கடற்கரைக் கழியிலிருந்து உள்நாட்டுக் கண்மாய்கள் வரைக்கும் பறவை பார்க்க வருகிறவர்களை இடம் இடமாக ஏற்றி இறக்குவதுதான் அவன் பிழைப்பு. வளைகாப்பு முடிந்தும் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போன தாய்வீட்டுப் பயணத்தை இன்றைக்கு டீச்சருடைய சவாரியோடு சேர்த்துவிட்டான். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர், எங்க வீட்டுப் பறவையும் கூடு தேடிக் கெளம்பிருச்சு" என்று காலையில் அவன் சொன்னபோது டீச்சர் இவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறிக்கொண்டார். இப்போது அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினான். "ஏ புள்ள, அங்கிட்டு கோபுரத்துல ஏத்திக் காட்டிட்டு ஓடியாந்துர்றேன். நீ படு. எறங்கிக் கிறங்கி நடக்காத." "ம்." "என்ன ம்? மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு." "ஒண்ணுமில்ல மச்சான், வெயிலு. போய்ட்டு வாங்க." போய்விட்டார்கள். பறவை பார்க்கிற கோபுரம் கண்மாயின் அந்தக் கோடியில். இரண்டு உருவங்களும் கரைமேல் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி, சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள். நல்லவேளை சொல்லவில்லை என்றும் அதே மூச்சில் நினைத்தாள்.

கடைசியாக எப்போது அசைந்தது. இதைப் பதறாமல் யோசிக்க வேண்டும், தொலைந்த கம்மலைத் தேடுகிற மாதிரி, தலை துவட்டும்போது காதில் இருந்ததா, குளிக்கும்போது இருந்ததா என்று பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். விடிகாலையில் மணல்மேட்டுக் கழி. கடல் உள்ளே வந்து படுத்துக்கொண்ட மாதிரி முழங்கால் தண்ணீர், அதில் பூநாரைகள், வரிசை வரிசையாக, தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு. "ரோஸ் பவுடர் போட்டுக் கல்யாணத்துக்குக் கெளம்புன கொக்குங்க டீச்சர்" என்றான் பூபதி. "கொக்குன்னு சொல்லாதீங்க தம்பி, காதுல விழுந்தா கோவிச்சுக்கும்." "எங்கிட்டு விழும், தலைதான் தண்ணிக்குள்ள கெடக்கே." அப்போது டீச்சர் தன் பைனாகுலரைக் கழற்றி இவள் கழுத்தில் மாட்டிவிட்டார்; இவள் பார்த்தாள், திடீரென்று ஒரு மஞ்சள் கண் இவளையே பார்த்தது, அந்த நேரத்தில் விலாவுக்குக் கீழே ஒரு முட்டு. ஆமாம், முட்டியது. அங்கே வைத்து முட்டியது. அப்பாடா. ஆனால் பைனாகுலர் கனமான சாமான், வயிற்று மேட்டில்தான் உட்கார்ந்திருந்தது, இவள் மூச்சு விட்டபோது அதுதான் சரிந்து இடித்ததோ. உள்ளிருந்து வந்த இடியா, வெளியிலிருந்து வந்த இடியா. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒருத்திக்கு. நேற்று ராத்திரி தெரிந்தது. நேற்று ராத்திரி மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஒருத்தி கத்தினாள், உள்ளே சுரீரென்று ஒரு புரளல், இவள் சிரித்துவிட்டாள், மாமியார்கூட என்னடி என்றாள். அது நேற்றா முந்தாநாளா. அந்தச் சீரியலில் அவள் தினமும்தான் கத்துகிறாள்.

கழிக்குப் பிறகு உப்பளம். அங்கே போகிற வழியில் இட்லி சாப்பிட்டார்கள். சாப்பிட்டால் குதிக்கும், அது அதன் வழக்கம், முதல் வாய் உள்ளே போய்ச் சேருமுன் பந்தியில் உட்கார்ந்துவிடும். இன்றைக்குக் குதிக்கவில்லை. அதை அப்போதே கவனித்தாள், கவனித்ததை உடனே எதையோ போட்டு மூடினாள், சட்னி புளிக்குது மச்சான் என்று சொல்லி மூடினாள். உப்பளத்தில் வெள்ளை கண்ணைக் குத்தியது. பாத்தி ஓரத்தில் உள்ளான் குருவிகள் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர்கள் மாதிரி ஓடி ஓடி நின்றன. டீச்சர் சொன்னார், பறவை பார்ப்பது என்றால் பாதி நேரம் ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாப்பா, மரத்தைப் பார், தண்ணீரைப் பார், அசையாதே, அதுவாக அசையும். அதுவாக அசையும். இவள் பின்சீட்டில் ஏறி, ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தபடி இடதுபக்கமாகப் படுத்துக்கொண்டாள். கடலை மிட்டாய் தின்றாள். ஒரு பாட்டில் தண்ணீரும் குடித்தாள். வளையல் சத்தம் உள்ளே கேட்கும் என்றுதானே இரண்டு கையும் நிறைய அடுக்கியிருக்கிறார்கள், கையை வயிற்றுமேல் கொண்டுபோய்க் குலுக்கினாள், மறுபடி குலுக்கினாள். "என்ன புள்ள, தனியா கச்சேரி வச்சிருக்க?" என்று முன்னாலிருந்து கேட்டான். வேன் ஓட ஆரம்பித்தது, உள்ளே அசைகிற மாதிரி இருந்தது, இவளும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். நம்ப ஆசைப்பட்டால் டீசல் என்ஜின்கூடப் பிள்ளையாகிவிடுகிறது. இப்போது இடதுபக்கம் படுத்தாயிற்று, ரெக்ஸின் முதுகில் ஒட்டுகிறது, காலடியில் பலகாரப் பை, அதிரசத்தின் எண்ணெய் வாடையும் கண்மாயின் எச்ச வாடையும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறுகிறது. தூங்குது. பிள்ளைகள் தூங்கும். எவ்வளவு நேரம் தூங்கும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள், அந்தப் பேச்சு வரும்போது இவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆடு சுவரொட்டியைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு நினைவிருக்கிறது. ஆட்டுக்கு ஒரு காது மடங்கியிருந்தது.

போன தடவை சொன்னாள். டவுன் பஸ்ஸில் வைத்துச் சொன்னாள், மச்சான் நேத்துலேர்ந்து அசையல என்று. மெல்லத்தான் சொன்னாள், ஆனால் பஸ் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது, இவள் குரல் மட்டும் தனியாக நின்றது, முன்சீட்டுக்காரிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழம் கொடுத்தாள். ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள், இவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள், இருந்தும் எழுந்து கொடுத்தாள். அந்தக் காலி சீட்டை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பிறகு அந்த இருட்டு அறை, வயிற்றில் குளிர்ந்த பசை, டாக்டர் பெண் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டது. அதுவரைக்கும் இவளுக்கும் தெரிகிற மாதிரி இருந்த திரை. ஐந்தாம் மாதம். பெயர்கூட யோசிக்காத பிள்ளை. சொன்னதால் நடக்கவில்லை, அது இவளுக்குத் தெரியும், சொன்னதால் எதுவும் நடப்பதில்லை; ஆனாலும் வாயைத் திறந்து சொன்ன அந்த நிமிஷத்துக்கு முன்னால் எல்லாம் சரியாக இருந்தது, சொன்னதற்குப் பின்னால் இல்லை, நடுவில் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதனால் இன்றைக்கு மூன்று இடத்திலும் அந்தச் சொல்லை நாக்குக்கு அடியிலேயே வைத்திருக்கிறாள். எவ்வளவு நேரம் வைத்திருப்பது. போனை எடுத்தாள், ஒரு கோடுகூட இல்லை, குறிச்சியேந்தல் கரையில் என்றைக்கு சிக்னல் இருந்தது. நடந்து போகலாம், அம்மா வீட்டுக்கு நடந்தே போய்விடலாம், போய்? வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்பாள், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது. கோபுரத்தைப் பார்த்து மச்சான் என்று கத்தலாம். கத்துவதா. இந்தக் கரையிலா. பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் இவள் உரக்கத் தும்மியதுகூட இல்லை.

ஏனென்றால் இந்த ஊர் அப்படி. மழை பெய்து கண்மாய் பெருகி, நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து கூடு கட்டிவிட்டால், குஞ்சு பறந்து போகிறவரைக்கும் குறிச்சியேந்தலில் வெடி கிடையாது, மேளம் கிடையாது, ரேடியோ செட்டு கிடையாது. நம்ம வீட்டுக்குப் பிள்ளை பெற வந்ததுகள், அதட்டக்கூடாது என்பார்கள். தீபாவளிக்கு மத்தாப்பு மட்டும்தான். இவள் கல்யாணம் தையில், குஞ்சு பொரித்து நிறைந்திருந்த நேரம்; நாயனக்காரர் ஊர் எல்லையில் வாசித்துவிட்டுக் கருவியை உறையில் போட்டுக்கொண்டார், தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்குப் பதிலாக எல்லோரும் கையைத் தூக்கிச் சத்தமில்லாமல் ஆட்டினார்கள். கடற்கரையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. "எழவு வீட்டுலகூட இதவிடக் கலகலப்பா இருக்குமேப்பா" என்று பூபதியின் சித்தப்பா சொன்னதும், "மெல்லச் சொல்லுங்க சம்மந்தி" என்று நாலு பேர் ஒன்றாக வாயில் விரலை வைத்ததும் இன்றைக்கும் இரண்டு வீட்டிலும் பேச்சு. பூபதி அதற்குப் பிறகு பழகிவிட்டான். ஆனால் டிரைவர் கை, வளைவைப் பார்த்தால் தானாக ஹாரனுக்குப் போகும். ஒருமுறை போய்விட்டது, ஊர் கூடி நின்றுவிட்டது. அன்றிலிருந்து குறிச்சியேந்தல் விலக்கில் திரும்பும்போதே வேனை நிறுத்தி, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஹாரன் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே வருவான். இன்றைக்கும் பிடுங்கினான். அது இப்போது அங்கே தொங்குகிறது. பின்சீட்டில் இடதுபக்கமாகப் படுத்திருந்தவள் இரண்டு சீட்டுக்கு நடுவே அதைப் பார்த்தாள், பச்சை வயர், முனையில் கொஞ்சம் செம்பு.

பார்த்தாள், உடனே வேறு பக்கம் பார்த்தாள். ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமுதிக்காரி சொன்னது யாரும் கேட்காமலே வந்து நின்றது: எங்கூர்க் கோயில்ல வேட்டுப் போட்டாக்கா, உள்ள கெடக்குறது விசுக்குனு துள்ளுச்சு பாருங்க, எனக்கே தூக்கிப் போட்டுருச்சு. கேட்கும். உள்ளே கேட்கும். சீரியல்காரி கத்தியது கேட்டதே. வளையல் போதாது, வளையல் சின்னச் சத்தம். சீச்சீ, என்ன நினைப்பு இது. மரத்தைப் பார், ஒவ்வொரு கிளையிலும் கூடு, கூட்டுக்குள் பஞ்சு மாதிரிக் குஞ்சுகள், கழுத்தை நீட்டி நீட்டி இரை கேட்கிறதுகள், தாய்கள் அலகை அலகோடு தட்டிக்கொண்டு, ஒரு ஊரே விறகு உடைக்கிற மாதிரி ஓயாத தட்டல். இதுகளுடைய சத்தம் இதுகளுக்கு ஒன்றும் செய்யாது, நம் சத்தம்தான் ஆகாது. ஒரு அதட்டலில் மொத்தமும் எழும்பும், எழும்புகிற வேகத்தில் கூடு சரியும், குஞ்சு தண்ணீரில் விழும், காக்கை காத்துக்கொண்டிருக்கும். தெரிந்த பிள்ளை, இந்த ஊர்ப் பிள்ளை, நீயா. இவர்கள் வரட்டும், வந்ததும் சொல்லிவிடலாம். கோபுரத்தில் இரண்டு புள்ளிகளும் அசையவில்லை, டீச்சர் ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருப்பார். வரட்டும். கையை வயிற்றில் வைத்தாள். சூடாக இருந்தது. சூடாக இருந்தால் நல்லதுதானே. போன தடவையும் சூடாகத்தான் இருந்தது. ஏ தங்கம், ஒரே ஒரு தடவை, காலை நீட்டக்கூட வேண்டாம், ஒரு விரலை மட்டும் அசை. மரத்தைப் பார்ப்பது மாதிரி வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசையாதே, அதுவாக அசையும். அவள் அசையாமல் இருந்தாள். அதுவும் அசையாமல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்களோ, கையில் இருந்த சூடு கையுடையதா வயிற்றுடையதா என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அந்த இடத்தில்தான் பயம் என்று இதுவரை இருந்தது போய், வேறு ஏதோ ஒன்று, ரொம்ப அமைதியான ஒன்று வந்து உட்கார்ந்தது. எழுந்தாள். சீட்டைப் பிடித்து, வயிற்றைப் பிடித்து, முன்னால் வந்து டிரைவர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். குனிய முடியவில்லை, காலால் வயரை மேலே தள்ளி விரலால் பிடித்தாள். எங்கே தொட்டால் அடிக்கும் என்று தெரியும், அவன் சோதித்துப் பார்க்கிறபோது பார்த்திருக்கிறாள். மன்னிச்சுக்கங்க, என்றாள், மரங்களைப் பார்த்து, நாத்தனார்களிடம் சொல்வது மாதிரி. செம்பு முனையை இரும்பில் வைத்தாள்.

ஹாரன் கத்தியது. ஏர்ஹாரன், மூன்று குரல் உள்ளது, திருவிழாக் கூட்டத்தை விலக்க வாங்கிப் போட்டது. அந்தச் சத்தம் தண்ணீரில் அடித்துக் கரையில் மோதித் திரும்பி வந்தது, அதன் பின்னாலேயே கண்மாய் மொத்தமும் எழுந்தது, மரங்கள் கிளைகளை உதறிவிட்டது மாதிரி, வெள்ளையும் கறுப்பும் ரோஸும் ஒன்றாக, வானம் இருட்டி, வேனுக்குள் நிழல் ஓடியது. சிறகடி மழை மாதிரி இரைந்தது. அவள் அதைப் பார்த்தாளா என்றால் பார்க்கவில்லை. வயர் கையைவிட்டு எப்போதோ விழுந்திருந்தது. உள்ளே ஒரு துள்ளல், கமுதிக்காரி சொன்னாளே அப்படி, விசுக்கென்று, தூக்கிவாரிப் போட்ட மாதிரி, இரண்டு கையும் இரண்டு காலும் ஒன்றாக விரித்து. பிறகு ஒரு உதை, கோபமான உதை. பிறகு விலாவிலிருந்து இடுப்புவரைக்கும் நிதானமாக ஒரு முழங்கை உரசிக்கொண்டு போயிற்று, தூக்கத்தைக் கலைத்தவளைத் திட்டிவிட்டுத் திரும்பிப் படுக்கிறவர்கள் மாதிரி. "ஆத்தி" என்றாள் நாகஜோதி. "ஆத்தி, ஆத்தி."

முதலில் வந்தது சோணைமுத்து மாமா. கண்மாய்க் காவலுக்கு ஊர் வைத்திருக்கிற ஆள், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மடித்துக் கட்டிய வேட்டியோடு, கத்தக்கூடாது என்பதால் கத்தாமலே, அதைவிட மோசமான ஒரு அடித்தொண்டைச் சீறலில், "எவன்டா அவன், எவன்டா" என்று கேட்டுக்கொண்டு வந்தவர், சீட்டில் இவளைப் பார்த்ததும் நின்றார். பின்னால் கரைமேல் பூபதி ஓடிவந்தான், அவனுக்குப் பின்னால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு டீச்சர், வேலி ஓரத்தில் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். பூபதிக்கு மூச்சு வாங்கியது. "மாமா, வயரு, வயரு ஷார்ட் ஆயிருச்சு மாமா. நான்தான் சரியாப் புடுங்கல. என்மேலதான் தப்பு." "ஷார்ட்டா? ஒன்னய ஷார்ட் ஆக்குறேன் இரு. அங்கிட்டுப் பாரு, மேலமடை மரத்துல கூடு சரிஞ்சு கெடக்கு. குஞ்சு ஒண்ணு தண்ணியில போயிருச்சு." "நான்தான் மாமா அடிச்சேன்" என்றாள் நாகஜோதி. எல்லோரும் இவளைப் பார்த்தார்கள், பஸ்ஸில் பார்த்த மாதிரியேதான். "காலையிலேர்ந்து பிள்ள அசையல மாமா. செத்துருச்சோன்னு நெனைச்சுட்டேன். சத்தம் கேட்டா துள்ளும்னாங்க. துள்ளிருச்சு." சொல்லிவிட்டாள். நாக்குக்கு அடியில் இப்போது ஒன்றுமில்லை. பூபதி வேன் கதவைப் பிடித்துக்கொண்டான். "காலையிலேர்ந்தா? எங்கிட்ட ஒரு வார்த்த..." என்றான். டீச்சர் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குசுகுசுக்காமல், சாதாரணக் குரலில், "இப்போ அசையுதா?" என்றார். இவள் அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். டீச்சர் சிரித்ததைப் பார்த்துப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "துள்ளுனது சரி. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துரணும், இன்னிக்கே" என்றார் டீச்சர். "நம்மூரு நர்ஸம்மா ஊருக்குள்ளதான் இருக்கு, ஊசி போட வந்துச்சு. ஓடிப் போயி மிஷினோட கூட்டியா" என்று சோணைமுத்து ஒருத்தியை விரட்டினார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவளைப் பார்க்காமல் சொன்னார்: "மத்தபடி, ஊர் வழக்கம் ஒனக்குத் தெரியும்." தெரியும். சத்தம் போட்டவர் யாராக இருந்தாலும் கரையில் நின்று, எழுப்பிவிட்ட பறவை அத்தனையும் திரும்பி உட்காருகிறவரைக்கும் கை கூப்பி நிற்க வேண்டும். ஹாரன் அடித்த அன்றைக்குப் பூபதி நின்றிருக்கிறான். "நீ நிக்க வேணாம்த்தா, வாயும் வயிறுமா இருக்க. ஒம் புருஷன் நிக்கட்டும்." "நான் நிக்கிறேன் மாமா" என்று பூபதி உடனே கையைக் கூப்பினான். "சத்தம் போட்டது நானு" என்றாள் இவள்.

கரைமேல் நின்றாள். பூபதி ஒருபக்கம் தாங்கிக்கொண்டு தன் துண்டை அவள் தலைக்கு மேலே பிடித்திருந்தான். நர்ஸம்மா வந்து, நின்றபடியே சேலையை ஒதுக்கிக் கையளவு மிஷினை வைத்தாள். கரகரவென்று இரைந்து, பிறகு பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு தடதடவென்று ஓடியது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இந்தக் கரைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தம்தான், சோணைமுத்து அதை அதட்டவில்லை. "நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் அசைவு கொறஞ்சா ஒடனே சொல்லணும், இப்படி அடக்கி வைக்கப்படாது. வாங்க, பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை காமிச்சுருவோம்." பறவைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வட்டம் போட்டு வட்டம் போட்டு, முதலில் நீர்க்காகங்கள், பிறகு கூழைக்கடாக்கள் கனமாக, பிறகு நாரைகள் காலை முன்னால் நீட்டி, அவரவர் கூட்டில் அவரவர். தட்டல் மறுபடி தொடங்கியது. மரங்கள் நிறைந்தன. உள்ளே முழங்கை உரசியது, கை கூப்பியிருந்ததால் தொட்டுப் பார்க்க முடியவில்லை. "எல்லாம் உக்காந்துருச்சு. வா புள்ள, போவோம்" என்றான் பூபதி. அவள் நகரவில்லை. மேலமடை மரத்துக்கு மேலே ஒரு நாரை மட்டும், இறங்கி, சரிந்த கூட்டின் பக்கம் வந்து, காலை நீட்டி, தொடாமல், மறுபடி மேலே போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. சோணைமுத்துவும் பார்த்தார். "போத்தா, போதும்" என்றார், குரலில் சீறல் இல்லாமல். "கொஞ்சம் இருங்க மாமா" என்றாள் நாகஜோதி. "அது இன்னும் உக்காரல."